எங்கள் கொழுப்பு

'கொழுப்பு' என்கிற சொல் எங்களுக்குப் புதுசு இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் முன்னாலேயே அதைக் காதால் கேட்டு வளர்ந்தோம். ஊர்த்தெரு வழியாகச் செருப்புப் போட்டு நடந்தால் கொழுப்பு. சைக்கிளை விட்டு இறங்காமல் போனால் கொழுப்பு. அறுப்புக் கூலி பத்தலை என்று நைனா ஒரு வார்த்தை கேட்டதற்கு, "சேரிக்காரனுக்கு வந்த கொழுப்பப் பாரு" என்றார்கள். காரணையில் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு அம்பேத்கர் சிலை வைத்ததும் அவர்கள் கணக்கில் கொழுப்புதான். 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கியைத் தூக்கி அந்தக் கொழுப்பை அடக்கினார்கள். ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப்போனார்கள்.

அதே சொல் இப்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சாகி வருகிறது. இந்த முறையும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாம்தான்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் காலனி. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இலவச மருத்துவ முகாம் நடந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் செலவு. ஷாமியானா, எடை மெஷின், பிரஷர் கருவி, இடுப்பை அளக்க ஒரு டேப், ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட், போட்டோ எடுக்க ஒரு ஆள். வெறும் வயிற்றோடு வரச்சொல்லி ரத்தம் எடுத்தார்கள். நாலு நாள் கழித்துச் சீட்டைக் கொடுக்க மறுபடியும் வந்தார்கள்.

எங்கள் அண்ணிக்கு நாற்பத்தொரு வயசு. எடை 56 கிலோ. கையும் காலும் குச்சி. கன்னம் ஒட்டிப்போயிருக்கும். இடுப்பு மட்டும் 93 சென்டிமீட்டர். டாக்டர் தம்பி சீட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"வாயக் கட்டணும்மா. நல்லா சாப்ட்டுட்டு ஒரே எடத்துல ஒக்காந்திருந்தா இப்படித்தான் வயிறு வைக்கும். தெனம் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க."

அண்ணி ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் துப்புரவு வேலை பார்க்கிறாள். "இன்னா சார் சொல்றீங்கோ? காலைல ஆறு மணிக்கு வண்டி ஏறுனா சாயங்காலம் வரைக்கும் நின்னமேனிக்கே கீறேன். ஒக்கார ஒரு ஸ்டூல் கூட அங்க குடுக்கமாட்டான்."

"அது வேலைம்மா. வாக்கிங் வேற." அடுத்து கேட்டார்: "பீஃப் சாப்பிடுவீங்களா?"

"சாப்டுவோம்."

"மொதல்ல அத நிறுத்துங்க. அதான் கொழுப்பு."

அண்ணி வீட்டுக்கு வந்து சீட்டை அலமாரியில் சொருகிவிட்டுச் சொன்னாள்: "துன்னு துன்னு வந்த நோயாம். எப்ப துன்னோம்னுதான் தெரியல."

இந்தக் கட்டுரை அந்த டாக்டர் தம்பிக்கு எழுதப்படுவது இல்லை. அவர் நல்ல பிள்ளைதான், ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வந்தவர். அவர் வாயில் இருந்து பேசியது எது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சீட்டைப் படிப்போம். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எழுத்து மறுக்கப்பட்ட சனம், எழுதி வைத்திருப்பது எதுவானாலும் வாங்கிப் படிக்க வேண்டும் என்றுதான் நான் கற்றுக்கொண்டேன். கல்வெட்டைப் படித்துக் காட்டத் தெரிந்தவன் சொந்த அண்ணியின் ரத்தச் சீட்டைப் படிக்கக் கூடாதா?

அதில் மொத்தக் கொலஸ்ட்ரால் 172. இருநூறுக்குக் கீழே இருந்தால் சரி என்பதுதான் கணக்கு. அப்படியென்றால் மாட்டுக்கறியின் தலையில் கட்டப்பட்ட குற்றம் அந்தச் சீட்டிலேயே இல்லை. இருந்தது வேறு. ட்ரைகிளிசரைடு 268, நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது. எச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பு 34. பெண்களுக்கு ஐம்பதாவது இருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. நூறைத் தாண்டினால் எச்சரிக்கை, 126 ஆனால் நோய். அண்ணி வாசற்படியில் நிற்கிறாள், இன்னும் உள்ளே போகவில்லை.

இந்த நான்கும் தனித்தனிச் சங்கதி இல்லை, ஒரே கயிற்றின் முடிச்சுகள். சோறும் இட்லியும் பிஸ்கட்டும் சர்க்கரைத் தேநீருமாக மாவுச்சத்தே உள்ளே போய்க்கொண்டிருந்தால், செலவாகாத சர்க்கரையை ஈரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. அதுதான் ட்ரைகிளிசரைடு. மிஞ்சியது வயிற்றுக்குள், குடலைச் சுற்றிப் போய்ப் படிகிறது. தொடையிலும் தோலுக்கடியிலும் படிகிற கொழுப்பு கொஞ்சம் சாது. குடலைச் சுற்றிய கொழுப்பு அப்படி இல்லை. அதிலிருந்து கசிகிற கொழுப்பமிலம் குடலிலிருந்து ஈரலுக்குப் போகிற ரத்தக்குழாய் வழியாக நேரே ஈரலுக்கே போகிறது. ஈரலில் கொழுப்பு ஏற ஏற, இன்சுலின் சொல்வதை அது கேட்பதில்லை. உடம்பு இன்னும் இன்னும் இன்சுலின் சுரந்து பார்க்கிறது. சுரந்து சுரந்து கணையம் ஓய்கிற நாளில் சர்க்கரை ஏறிவிடுகிறது. இடையிலேயே நல்ல கொழுப்பு இறங்கும். கெட்ட கொழுப்பு அளவில் கூடாமலே துகள்கள் பொடிப்பொடியாகி ரத்தக்குழாய்ச் சுவரில் எளிதாகப் போய் ஒட்டும். அதனால்தான் எடை 56 கிலோ என்பதும் மொத்தக் கொலஸ்ட்ரால் நார்மல் என்பதும் அண்ணியைக் காப்பாற்றாது. இடுப்பளவு காட்டிக்கொடுக்கிறது.

இந்தியர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர் தாண்டினால் ஆபத்து என்று 2005இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வரையறுத்தது. வெள்ளைக்கார ஆணுக்கு 94 வரைக்கும் இடம் உண்டு. நமக்கு ஒரு சுற்றுக் குறைவு. ஒல்லிக்காலும் முட்டிய வயிறுமாக இருக்கிற இந்த உடம்புக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

"பணக்கார வியாதி, ஏழைக்கு எங்க வரும்?" என்று நம்மவர்களே சொல்வதுண்டு. அந்தக் கதை முடிந்துபோய் வெகுநாள் ஆகிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 1989 வாக்கில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பார்த்தபோது நூறு பேரில் இரண்டு சொச்சம் பேருக்குத்தான் சர்க்கரை நோய். நகரத்தில் எட்டுப் பேருக்கு. வயிற்றுப் பக்கம் சேர்கிற கொழுப்பின் பங்கையும் அந்த ஆய்வு அப்போதே சொன்னது. 2003இல் மறுபடி கிராமத்தைப் பார்த்தபோது ஆறு பேருக்கு மேல். பதினாலு வருஷத்தில் ஏறக்குறைய மூணு மடங்கு. அதற்குப் பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நாடு முழுக்க ஆய்வு நடத்தி 2023இல் வெளியிட்ட கணக்கு: நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் பதினாலு பேருக்கு நோய். நாட்டில் ரத்தக் கொழுப்பு ஏதோ ஒரு வகையில் கோளாறாக இருப்பவர்கள் நூற்றுக்கு எண்பது. வயிறு வைத்தவர்கள் ஏறக்குறைய நாற்பது. இதே ஆய்வு 2017இலேயே இன்னொன்றும் சொன்னது. பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகர்ப்புறங்களில் வசதியானவர்களைவிட ஏழைகளிடம்தான் சர்க்கரை அதிகம். வசதியானவன் ஜிம்முக்கும் பழத்துக்கும் போய்விட்டான். அவன் இறக்கி வைத்த நோயை நாம் தலையில் ஏற்றிக்கொண்டோம்.

செங்கல்பட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கில் ஆச்சரியம் இருக்காது. 1990களின் பின்பாதியில் மறைமலை நகருக்கு ஃபோர்டு வந்தது, இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2006இல் நோக்கியா. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். நோக்கியா 2014இல் மூடியது, ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. வந்தவர்கள் போவார்கள், போனால் வேறு யாராவது வருவார்கள். ஏரிக்கரையும் புறம்போக்கும் மேய்ச்சலும் மட்டும் திரும்பி வராது. எங்கள் ஆயா காலத்தில் கீரை பறிக்க, நண்டு பிடிக்க, நத்தை பொறுக்கப் போன இடமெல்லாம் இன்று முள்கம்பி. கீரையும் நண்டும் நத்தையும் சாப்பாட்டை விட்டுப் போனபோது அந்த இடத்தில் என்ன வந்தது? ரேஷன் அரிசியும் பாமாயிலும் வந்தன, பேக்கரி வந்தது.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரேஷன் அரிசியைக் கேவலமாகப் பேசுகிறவனோடு நான் ஒரு வரிசையில் நிற்கமாட்டேன். இதே செங்கல்பட்டுச் சீமையில் தாது வருஷப் பஞ்சத்தில், 1876க்கும் 1878க்கும் நடுவில், சனங்கள் ரோட்டோரம் செத்துக் கிடந்தார்கள். அப்போது சர் ரிச்சர்ட் டெம்பிள் என்கிற துரை நிவாரண வேலைக்குப் போட்ட கூலி, நாளெல்லாம் கல்லுடைத்த ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே ஒரு அணா. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. இது உயிர் தரிக்கப் போதாது என்று மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பதினைந்து வருஷம் கழித்துச் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்தச் சீமைப் பறையர்கள் படும்பாட்டை அறிக்கையாக எழுதியதும், 1892இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை பிறந்ததும் அந்தப் பஞ்சத்துக்குப் பின்னால்தான். அரிசிச் சோறு பொங்கலுக்கும் சாவுக்கும் மட்டும் என்று இருந்த சனத்துக்கு, மாதம் தவறாமல் அரிசி கிடைத்தது சும்மா கிடைத்தது இல்லை. 2011லிருந்து அது இலவசம். அந்த அரிசி எங்கள் உரிமை. ஒரு கிலோ குறைத்தாலும் ரோட்டுக்கு வருவோம்.

ஆனால் அரிசி மட்டும்தான் உரிமையா? அதுதான் என் கேள்வி. 2025இல் வெளியான அதே ஆய்வுக் குழுவின் கணக்குப்படி, இந்தியர்கள் உண்ணும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்தே. அதிலும் பெரும்பாலும் தவிடு போன வெள்ளை அரிசி, மைதா, சர்க்கரை. புரதம் பன்னிரண்டு பங்குதான். தட்டில் சோறு மலை மாதிரி இருக்கும். குழம்பு தண்ணியாக ஓடும். முட்டையோ பயறோ கறியோ ஆண் பிள்ளைக்கும் ஆம்பளைக்கும் போய்விடும். கடைசியாகச் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுகிறவள் அண்ணி. அவள் தட்டில் இருப்பது சோறு, சோறு, மறுபடியும் சோறு. வயிறு நிறைந்தது, உடம்பு நிறையவில்லை. இதைப் பார்த்து "நல்லா சாப்பிடறீங்க" என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

பட்டினி எங்கே போயிற்று? உடம்புக்குள்ளேதான் போயிற்று என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. புனேயில் டாக்டர் யாக்னிக் நம் நாட்டுத் தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். அங்கே மூன்றரைக் கிலோ, இங்கே 2.7 கிலோ. சதை குறைவு, உறுப்பு சிறுசு, ஆனால் கொழுப்பு மட்டும் குறையவில்லை. பிறக்கும்போதே ஒல்லியும் கொழுப்புமாகப் பிறக்கிறது பிள்ளை. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவில் இருந்த பிள்ளைகள் ஐம்பது வயதில் சர்க்கரையைத் தாங்க முடியாமல் திணறியதை 1998இல் ஆய்வு காட்டியது. அது சில மாதப் பஞ்சம். தலைமுறை தலைமுறையாகக் கூழுக்குக் கையேந்த வைக்கப்பட்ட சனத்தின் கருப்பையை யார் அளந்தார்கள்? பண்ணையில் களத்துமேட்டைக் கூட்டி எடுத்த நெல்லைக் கூலியாக வாங்கிய அந்த ஆயாவின் பட்டினிக்கும் பேத்தியின் இடுப்பளவுக்கும் நடுவில் ஒரு கோடு ஓடுகிறதா என்று எந்த ஆய்வாவது சாதியை ஒரு கட்டமாகப் போட்டுக் கேட்க வேண்டாமா? வயசு கேட்கிறான், வருமானம் கேட்கிறான், சாதியை மட்டும் நாகரிகமாகத் தாண்டிவிடுகிறான்.

மாட்டுக்கறிக்கு வருவோம். 2014இல் வெளியான ஆய்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் நாலு இடத்திலும் ரத்தக் கொழுப்பை அளந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தவர்கள் நூற்றுக்குப் பதினாலு பேர். ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் முப்பது பேர். நல்ல கொழுப்பு குறைந்தவர்கள் எழுபத்திரண்டு பேர். மாடு தின்னாதவர்கள் நிறைந்த நாட்டில் இத்தனை பேருக்குக் கொழுப்புக் கோளாறு எங்கிருந்து வந்தது? சர்க்கரைப் பொங்கல், நெய் மைசூர்பாகு, வனஸ்பதியில் பொரித்த பலகாரம் எல்லாம் வைகுண்டத்திலிருந்து வருகிறதா? அவற்றை "அளவோடு சாப்பிடுங்கள்" என்று எழுதுகிற பேனா, மாட்டுக்கறி என்றதும் "நிறுத்துங்கள்" என்று எழுதுகிறது. ஒன்றுக்கு அளவு, இன்னொன்றுக்குத் தடை. அங்கே மருத்துவம் முடிந்து மனு தர்மம் ஆரம்பிக்கிறது.

நான் பொய் சொல்லமாட்டேன். கறியில் ஒட்டியிருக்கிற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். உப்புக்கண்டத்தில் உப்பு அதிகம், பிரஷர் உள்ளவர் குறைக்கத்தான் வேண்டும். சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவருக்கு டாக்டர் சொல்கிற அளவுதான். ஆனால் கொழுப்பு நீக்கிய சதை என்பது காலனியில் ஓரளவு மலிவாகக் கிடைக்கிற புரதம். அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இன்னும் ரெண்டு கரண்டி சோற்றை வைத்தால் அண்ணியின் 268 முந்நூறைத் தாண்டுமே தவிர இறங்காது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, சிறுதானியக் கூட்டம். 'பாரம்பரிய உணவுக்குத் திரும்புவோம்' என்று பேனர் கட்டுகிறது. கேழ்வரகுக் கூழைத் தூக்குவாளியில் கொண்டுபோன பிள்ளையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் யார்? பள்ளிக்கூடத்தில் என் தூக்கைத் திறக்கவே கூசிக் கழிவறைப் பக்கம் போய் நின்று குடித்திருக்கிறேன். இன்று அதே கேழ்வரகு கண்ணாடி ஜாடியில், சணல் பையில், அரிசியைவிடக் கூடுதல் விலையில். எங்களிடம் இருந்தவரைக்கும் அது சேரிச் சாப்பாடு. உங்கள் கைக்குப் போனதும் பாரம்பரியம். கேழ்வரகு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023இல் ரேஷனில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்களே, அதை ஏன் எங்கள் பக்கம் கொடுக்கக் கூடாது என்றுதான் கேட்கிறேன். கடையில் வாங்கு என்று உபதேசம் செய்யாதே, ரேஷனில் கொடு.

வேலை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி முகாமில் யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா? இந்த வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இரவு ரெண்டு மணிக்குச் சோற்றைப் போட்டால் அந்த நேரத்தில் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யாது. அமெரிக்காவில் நர்சுகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்து, மாறி மாறி வரும் இரவு ஷிப்ட் எத்தனை வருஷம் கூடுகிறதோ அத்தனைக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று 2011இலேயே எழுதிவிட்டார்கள். ஷிப்டுக்கும் கேன்டீனுக்கும் விடுதிக்கும் உடம்போடு சம்பந்தம் இல்லையா? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போய், தோழிகளுக்கு என்ன ஆனதென்று கேட்டு மற்றவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்த பிறகுதானே நாடு அந்தச் சாப்பாட்டைத் திரும்பிப் பார்த்தது? வாந்தி எடுத்தால் நியூஸ். பத்து வருஷம் அதே சோற்றைத் தின்று முப்பத்தைந்து வயசில் சர்க்கரை வந்தால் அது தனிமனித ஒழுக்கக் கேடு!

எங்கள் காலனிப் பையன் ஒருத்தன். முப்பத்திரண்டு வயசு. ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் மாறும்போது புதுசாக மெடிக்கல் எடுத்தார்கள். சர்க்கரை 240. 'அன்ஃபிட்' என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டார்கள். ஏழு வருஷம் அங்கேதான் லோடு ஏற்றினான். உள்ளே போகும்போது இல்லாத நோயை உள்ளே இருந்து வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு, அந்த நோயே வெளியே போகச் சீட்டு. அடுத்த கம்பெனிக்கு மெடிக்கல் போகும்போது அவன் செய்தது என்ன தெரியுமா? ரெண்டு நாள் பட்டினி கிடந்தான். மாத்திரையை ரெண்டு மடங்கு முழுங்கினான். லைனில் நிற்கும்போதே மயங்கி விழுந்தான். மருத்துவப் பரிசோதனை என்பது நோயைக் கண்டுபிடிக்கவா, நோயாளியைக் கழித்துக்கட்டவா? முகாம் நடத்துவதும் கம்பெனி, கழித்துக்கட்டுவதும் கம்பெனி. அதனால்தான் காலனியில் பாதிப்பேர் ரத்தம் கொடுக்கவே வரவில்லை.

இவ்வளவு சொன்னவன் நம் வீட்டுக் குப்பையையும் கூட்டத்தான் வேண்டும். சாராயம் ட்ரைகிளிசரைடை ஏற்றுகிறது. டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டரும் எண்ணெயில் மிதக்கிற சிக்கனும் ஒவ்வொரு சாயங்காலமும் என்றால் எந்தப் புரட்சியும் அந்த ஈரலைக் காப்பாற்றாது. பொம்பளை சாயங்காலம் காலனியைச் சுற்றி நாலு தடவை நடந்தால் "எவனப் பாக்கப் போறா?" என்று கேட்கிற வாய் ஊர்த்தெரு வாய் இல்லை, நம்ம வாய். அண்ணிக்கு வாக்கிங் போக ரோடு இல்லை என்று கம்பெனியைத் திட்டுகிற நாம், நடக்க விடாத நம்மையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

நடப்பதில் பயன் இல்லை என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், வாசற்படியில் நின்ற ஐந்நூற்றுச் சொச்சம் பேரை மூன்று வருஷம் பார்த்தார்கள். நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களிடம் சர்க்கரை நோயாக முற்றுவது நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. அறிவியல் சொல்வது இதைத்தான், மாற்ற முடியும் என்று. அந்த அறிவியல் நமக்கு வேண்டும். அதன் மேல் ஒட்டி வருகிற 'துன்னு கொழுத்தவன்' என்கிற வசவுதான் வேண்டாம்.

அதைவிட ஆபத்தான கும்பல் ஒன்று செல்போனில் உலாவுகிறது. 'சர்க்கரை என்று ஒரு நோயே இல்லை, எல்லாம் மாத்திரைக் கம்பெனியின் சதி' என்கிறது. கேட்பதற்குக் கலகக் குரல் மாதிரியே இருக்கும். அதை நம்பி மாத்திரையை நிறுத்திய என் சித்தப்பாவுக்குப் பாதத்தில் புண் வந்தது. புண் தெரியவில்லை, ஏனென்றால் வலி தெரியவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பறை அடித்து ஆடிய கால் அது. காசு உள்ளவன் இயற்கை வைத்தியம் பேசிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஸ்பெஷலிஸ்டிடம் போவான். நமக்குக் கால்தான் போகும். மாத்திரையை எவன் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. அதைக் கொண்டுவருகிறவளும் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்தான். வாங்கிப் போடுங்கள்.

இன்னொருவர் ரத்தத்தைப் பற்றியும் நினைவுபடுத்துகிறேன். காலனி தோறும் நீலக் கோட்டோடு விரல் நீட்டி நிற்கிற பாபாசாகேப்பை நாம் சிலையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 1948லிருந்து அவருக்குச் சர்க்கரை. அரசியல் சட்ட வரைவு அவையில் ஒவ்வொரு பிரிவாக விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு பக்கம் இந்த நோயோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கால் வலியில் தூக்கம் இல்லை. 1954இல் மாதக் கணக்கில் படுத்த படுக்கை, பார்வையும் மங்கியது. 1956 டிசம்பர் 6 அன்று போய்விட்டார், அறுபத்தைந்து வயசில். இன்னும் பத்து வருஷம் அவர் இருந்திருந்தால் என்று ஏங்காத தலித் உண்டா? சர்க்கரை நம்மிடமிருந்து எதைப் பறித்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 'தின்று கொழுத்ததால் வந்தது' என்று அவரைப் பார்த்துச் சொல்வீர்களா?

நம் இயக்கங்கள் நிலம் பேசுகின்றன, இடஒதுக்கீடு பேசுகின்றன, வன்கொடுமை பேசுகின்றன. பேச வேண்டும். ஆனால் ஐம்பதைத் தாண்டாமல் மாரடைப்பில் போகிற தோழருக்கு இரங்கல் கூட்டம் போட்டு, கூட்டம் முடிந்ததும் பூரியும் கேசரியும் சாப்பிட்டுக் கலைகிறோம். உடம்பும் அரசியல்தான். ரேஷனில் அரிசியோடு பயறு, கடலை, முட்டை, கேழ்வரகு கேட்பது அரசியல். இரவு ஷிப்ட் தொடர்ந்து போடாதே, கேன்டீனில் சோற்றுக்குச் சமமாகப் பருப்பும் காயும் வை என்று கேட்பது அரசியல். சர்க்கரையைக் காட்டி காண்ட்ராக்ட் தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்தாதே, அவன் சீட்டு அவனுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் என்று சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் எழுதுவது அரசியல். பஞ்சமி நிலத்தில் ஒரு துண்டாவது மீட்டு, பிள்ளைகள் ஓடவும் பெண்கள் நடக்கவும் மைதானம் போடுவதும் நிலப் போராட்டம்தான்.

எங்கள் காலனி அம்பேத்கர் படிப்பகத்தில் இப்போது ஒரு வேலை செய்திருக்கிறோம். ஆயா ஒருநாள் சொன்னது: "அந்தக் காலத்துல டேப்பு இன்னாத்துக்கு? அர்ணாக்கயிறு இறுக்குனா வயிறு வச்சிட்டான்னு அர்த்தம்." அதைப் பிடித்துக்கொண்டோம். கறுப்புக் கயிறு வாங்கி, 90 சென்டிமீட்டரில் ஒன்று, 80 சென்டிமீட்டரில் ஒன்று வெட்டி ஆணியில் மாட்டினோம். பெண்களுக்குத் தனியாக இன்னொரு கயிறு எங்கள் அண்ணி வீட்டில் இருக்கிறது. தொப்புளுக்கு நேராகச் சுற்ற வேண்டும். ரெண்டு முனையும் தொட்டால் சரி. தொடாவிட்டால் வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும், சீட்டைப் படிப்பகத்துக்குக் கொண்டுவந்தால் கூட உட்கார்ந்து படித்துச் சொல்வோம். இதுவரை அறுபத்திரண்டு பேர் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தெட்டுப் பேருக்குக் கயிறு எட்டவில்லை. அதில் ஒருத்தன் நான்.

அண்ணி இப்போது சாயங்காலம் நடக்கிறாள். கூட ஏழெட்டுப் பெண்கள். முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் "இன்னா, எல்லாருக்கும் கொழுப்பு ஏறிப்போச்சா?" என்று கேட்டாராம்.

"ஆமா, ஏறித்தான் போச்சு. அதத்தான் எறக்கிக்கினு கீறோம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்திருக்கிறாள்.